ஒன்றரை ஷிப்டுக்குப் பிறகு அரை மணி நேரம்

இரவு மணி ஒன்பதை நெருங்கும் வேளையில், திருப்பூர் வேலம்பாளையத்துச் சந்து ஒன்றில், எதிரும் புதிருமாய்ப் பன்னிரண்டு வாசல்கள் பார்த்து நிற்கும் ஒரு லைன் வீட்டின் நடை முற்றத்தில், பகலெல்லாம் பவர் டேபிளின் மேல் குனிந்திருந்து கழுத்து மரத்துப்போன ஒரு டைலர் அம்மாள், காதர்பேட்டையில் வாங்கிய டிராக் பேண்டும் மகனுடைய பழைய டி-சர்ட்டும் அணிந்து, மணல் நிரப்பிய இரண்டு பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். சுவரில் சாய்த்து வைத்த கைபேசி மணியடித்தது. பாட்டில்களைக் கீழே வைத்தவர், அடுத்த மணி அடித்ததும் அரிசிப் பையைப் பிடித்து இடுப்புவரை இழுக்கத் தொடங்கினார். அடுத்த வீட்டுச் சிறுமி ஒருத்தி கணக்குப் பிள்ளையைப்போல் எண்ணிக்கொண்டு நின்றாள்.

வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மூதாட்டிக்கு இது பொறுக்கவில்லை.

"ஏனம்மிணி, பொழுதன்னிக்கும் கம்பெனில கையுங்காலும் ஆடுதே, அது பத்தாதா உனக்கு?"

"அதனாலதானுங்க ஆத்தா இது. மிசின்ல ஆடறது ஒரே ஆட்டமுங்க. மிச்ச உடம்பு சும்மாதானுங்க கெடக்குது."

இந்த மறுமொழியைக் காட்டிலும் தெளிவாக இக்கட்டுரையின் விஷயத்தை நான் சொல்லிவிட முடியும் என்று தோன்றவில்லை. பளு தூக்குவதையும், மூச்சு வாங்க வைக்கும் கார்டியோ அசைவுகளையும் ஒரே சுற்றில் மாற்றி மாற்றிச் செய்கிற சர்க்யூட் பயிற்சி, 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் உடற்பயிற்சிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது உலகெங்கும் வீட்டுக்குள் புகுந்தது; ஊரடங்கு நீங்கியும் வெளியே போகவில்லை. அது பின்னலாடை நகரத்துப் பத்துக்குப் பத்து அறைகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும், பொருந்தினால் அங்குள்ள சரீரங்களுக்கு என்ன செய்யும் என்பதே நமது விசாரணை.

வேலை அப்பியாசம் ஆகுமா?

மூதாட்டியின் கேள்வி ஊர் முழுவதும் கேட்கிற கேள்வி. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஒன்றரை ஷிப்ட் என்று திருப்பூரில் சொன்னால் பன்னிரண்டு மணி நேரம். ஓவர்லாக், பேட்லாக் தையல் மிசின்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கழுத்து முன்னே தாழ்ந்தே நிற்கிறது. தோள்கள் துணியைப் பிடித்துக்கொண்டு உயர்ந்தே நிற்கின்றன. பெடலை மிதிக்கிற பாதம் ஒன்றே ஓயாமல் அசைகிறது. கைமடிக்கிற பெண்ணும், செக்கிங் மேசையில் பிசிறு வெட்டுகிறவளும், அயர்ன் பெட்டியைத் தள்ளுகிறவரும் நின்றபடியே பொழுதைக் கழிக்கிறார்கள். களைப்பு வருகிறது, வியர்வை வருகிறது, ஆகவே தேகாப்பியாசம் ஆயிற்று என்று நினைப்பது இயற்கை.

ஆனால் தசையின் தர்மம் வேறு. சுருங்கி விரிகிற தசை ரத்தத்தை உள்ளே வாங்கி வெளியே தள்ளுகிற ஒரு பம்பைப்போல் இயங்குகிறது. சுருங்கியபடியே மணிக்கணக்காக நிற்கிற தசையோ தன் ரத்தக்குழாய்களைத் தானே நெருக்கிக்கொண்டு, பிராணவாயு போதாமல், வலியைச் சேகரிக்கிறது. மேலும், நாள் முழுவதும் மிதமான சுமையைச் சுமக்கிற ஹிருதயத்துக்கு, வலுவடைவதற்கு வேண்டிய உச்சமும் கிடைப்பதில்லை, தேறிக்கொள்ள வேண்டிய ஓய்வும் கிடைப்பதில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனிலுள்ள தேசியப் பணிச்சூழல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஆந்த்ரேயாஸ் ஹோல்டர்மானும் அவருடைய சகாக்களும் இதைத்தான் உடலுழைப்பின் முரண் என்று பெயரிட்டு எழுதினார்கள்: ஓய்வு வேளையில் விரும்பிச் செய்கிற அசைவு ஆயுளுக்குத் துணை செய்கையில், பிழைப்புக்காக ஓயாமல் செய்கிற உழைப்பு அதே நன்மையைத் தருவதில்லை; சிலருக்குத் தீமையாகவும் முடிகிறது.

அதே மையத்தைச் சேர்ந்த லார்ஸ் ஆண்டர்சன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் ஊர் டைலர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. கழுத்திலும் தோளிலும் அடிக்கடி வலி கண்ட 198 பேரை மூன்று கூறாகப் பிரித்து, ஒரு கூறாருக்கு நாளொன்றுக்கு இரண்டே நிமிஷமும், மற்றொரு கூறாருக்குப் பன்னிரண்டு நிமிஷமும், ரப்பர் நாடாவை இழுத்துத் தோளை உயர்த்தும் பயிற்சியைப் பத்து வாரம் கொடுத்தார்கள். பயிற்சியில்லாத மூன்றாம் கூறாரோடு ஒப்பிட்டபோது இரண்டு கூறாருக்குமே வலி குறைந்தது. அந்த 198 பேரும் அலுவலக மேசைக்காரர்கள். ஆயினும் கணிப்பொறிக்கு முன் தாழ்கிற கழுத்துக்கும் ஊசிக்கு முன் தாழ்கிற கழுத்துக்கும் அதிக பேதம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

லீட்ஸிலிருந்து லைன் வீட்டுக்கு

சர்க்யூட் பயிற்சிக்கு வயது அதிகமில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953ஆம் ஆண்டு மார்கன், ஆடம்சன் என்ற இரு ஆசிரியர்கள் ஒழுங்கு செய்த முறை அது. கூடத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு நிலையங்கள். ஒன்றை முடித்தவுடன் அடுத்ததற்கு நகர வேண்டும். சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. 1996இல் ஜப்பானிய அறிஞர் இசுமி டபாட்டா, இருபது விநாடி உக்கிரமான உழைப்பும் பத்து விநாடி ஓய்வுமாய் நான்கு நிமிஷத்தில் என்ன சாதிக்கலாம் என்பதைக் காட்டினார். 2013இல் பிரெட் கிளிகா, கிறிஸ் ஜார்டன் இருவரும் ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் மட்டும் கொண்டு பன்னிரண்டு பயிற்சிகளை வரிசைப்படுத்த, அது 'ஏழு நிமிஷப் பயிற்சி' என்ற பெயரில் கைபேசி வழியாக உலகம் சுற்றியது.

நமக்கும் இதில் முன்னோர் உண்டு. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் மாறி மாறி நடந்த தாலிம்கூடங்களையும், இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் எறிந்த ஊர்த்திடல்களையும் நாம் அறிவோம். 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி அந்த அறிவைப் பாடமாக்கிற்று. சூரிய நமஸ்காரத்தையும் பளுவையும் ஒன்றாய்ச் சேர்த்துப் போதித்த பெங்களூர் கே.வி. அய்யர், வீட்டிலிருந்தபடியே பயில்வதற்குத் தபால் மூலம் பாடம் அனுப்பியவர். ஆகையால் வீட்டுப் பயிற்சி என்பது கைபேசியோடு பிறந்த அதிசயமென்று யாரும் மயங்க வேண்டியதில்லை.

ஹிருதயத்துக்கு ஓய்வில்லை

பனியன் கம்பெனியில் லைன் எப்படி ஓடுகிறதோ அப்படித்தான் இந்தப் பயிற்சியும். பீஸ் ஓவர்லாக்கில் தோள் இணைந்து, பேட்லாக்கில் அடிமடிப்பு முடிந்து, செக்கிங்குக்கு நகர்கையில், முந்தின மிசின்காரர் நூல் மாற்றிக்கொள்ளச் சற்று அவகாசம் கிடைக்கிறது. லைன் மட்டும் நிற்பதில்லை. பஸ்கியில் தொடை உழைக்கும்போது தோள் இளைப்பாறுகிறது. தண்டாலில் தோள் உழைக்கும்போது தொடை இளைப்பாறுகிறது. இவ்விரண்டுக்கும் ரத்தம் அனுப்புகிற ஹிருதயமோ முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தசைக்கு ஒரு மணி, ஓட்டத்துக்கு ஒரு மணி என்று இரண்டு மணி கேட்கிற முறையை, அரை மணியில் முடித்துக்கொள்ளும் சூட்சுமம் இவ்வளவுதான். நேரமே கூலியாக இருக்கிற ஊரில் இந்தச் சூட்சுமத்தின் மதிப்பு பெரிது.

―――――――――――
பெட்டி: ஆறு நிலையங்கள், மூன்று சுற்று

முதல் ஐந்து நிமிஷம் தோள் சுழற்றி, இடுப்பைத் திருப்பி, நின்ற இடத்தில் நடந்து உடம்பைச் சூடாக்குக. பிறகு ஒவ்வொன்றும் 40 விநாடி உழைப்பு, 20 விநாடி ஓய்வு:

பாட்டில்களை மார்போடு அணைத்துப் பஸ்கி. நின்ற இடத்தில் முழங்கால் உயர்த்தி நடை. முதுகை நேராகச் சாய்த்து அரிசிப் பையை இடுப்புவரை இழுத்தல். சுவரில் கையூன்றித் தண்டால், பழகியபின் தரையில். வாசற்படியில் ஏறி இறங்கல். கடைசியாக, இடுப்பை மடக்கி, முதுகு வளையாமல், தரையிலிருந்து பையைத் தூக்கி நிமிர்தல்.

ஒரு சுற்றுக்கு 6 நிமிஷம். சுற்றுகளுக்கிடையில் ஒரு நிமிஷம் ஓய்வு. மூன்று சுற்றும் 20 நிமிஷத்தில் முடியும். இறுதி ஐந்து நிமிஷம் நிதான நடையும் கழுத்து, தோள், தொடைகளை நீட்டுதலும். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது விட்டு.
―――――――――――

பாட்டில், அரிசிப் பை, குடம்

சாமான் விஷயத்தில் ஏழைக்கும் செல்வந்தனுக்கும் இங்கே பெரிய வித்தியாசமில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால், இரண்டு லிட்டர் பாட்டில் ஏறக்குறைய இரண்டு கிலோ. அதில் நீருக்குப் பதில் மணலை அடைத்தால் மூன்று கிலோவுக்குக் குறையாது. ஐந்து கிலோ அரிசிப் பை, பத்து கிலோ பை, வீட்டுக்கு வீடு கிடக்கிற இருபது லிட்டர் வாட்டர் கேன் என்று எடை ஏறிக்கொண்டே போகலாம். கேனில் பாதி நீர் வைத்தால் பத்து கிலோ. கட்டிங் வேஸ்டைப் பின்னிச் செய்த மிதியடி விரிப்பு, படி ஏறி இறங்கும் ஓசையைக் கீழ்வீட்டாருக்குக் கேட்காமல் விழுங்கிவிடுகிறது. தாண்டிக் குதிப்பதை லைன் வீட்டில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார், முழங்காலுக்கும் அது ஆரம்பத்தில் உகந்ததன்று.

அனுப்பர்பாளையத்துப் பித்தளைக் குடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் நிறைந்த குடத்தை ஒரே இடுப்பில் சுமக்கும்போது முதுகு ஒருபுறமாகச் சாய்கிறது. அதே சுமையை இரு கைகளிலும் சமமாகப் பிரித்து, நிமிர்ந்த முதுகோடு, முற்றத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால், அது பிடியையும் வயிற்றையும் தோளையும் ஒருங்கே பலப்படுத்தும் அருமையான பயிற்சியாகிறது. எடை அதேதான், பிடிக்கிற விதத்தில் பலன் மாறுகிறது.

எடையைத் தேர்ந்துகொள்வதற்கு உரைகல் எளிது. நாற்பது விநாடியின் கடைசிப் பத்து விநாடியில் தசை சிரமப்பட வேண்டும். ஆனால் நிலை குலையக் கூடாது. ஹிருதயத்துக்கு உரைகல் பேச்சு: பாடவும் முடிந்தால் பிரயாசை போதாது, இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் உக்கிரம், பேச்சே நின்றுபோய்த் தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும்.

சர்க்கரைக்கு ஒரு வாசல்

விளைவுகளில் முதலாவதாக நான் வைப்பது நீரிழிவு. தசை சுருங்கும்போது, இன்சுலின் வந்து கதவைத் திறக்கும்வரை காத்திராமல், தானே ஒரு வாசலைத் திறந்து ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்சுலினுக்கு மசியாமல் போன உடம்பிலும் இந்த வாசல் மூடிவிடுவதில்லை. பயிற்சியினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தசை வளர்ந்தால், சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையைக் கொட்டி வைக்கும் களஞ்சியமும் வளர்கிறது. பதினொரு மணி டீயும் பன்னும், நான்கு மணி டீயும் போண்டாவும், இரவு பத்து மணிக்குப் புரோட்டாவுமாய் நாள் ஓடுகிற ஊரில் இது சாமானிய லாபமன்று. இரவுச் சாப்பாட்டில் கொள்ளுப் பருப்போ, பச்சைப்பயறு கடைசலோ, ஒரு முட்டையோ சேர்ந்தால் அந்தக் களஞ்சியத்துக்குச் செங்கல்லும் கிடைத்துவிடும். கொங்குச் சமையலறைக்கு இதை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கம்பெனி நேரம்தான் அந்தச் சமையலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

―――――――――――
பெட்டி: கணக்கு என்ன சொல்கிறது?

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் ஆர்.எம். அஞ்சனா முன்னின்று எழுதி 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவுள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையுள்ளவர்கள். அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

2022ஆம் ஆண்டு நிலையை மதிப்பிட்டு 2024இல் வெளியான உலகளாவிய ஆய்வு, இந்தியப் பெண்களில் 57 சதவீதமும் ஆண்களில் 42 சதவீதமும் போதுமான உடலசைவு இல்லாதவர்கள் என்றது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான அசைவு, அல்லது 75 முதல் 150 நிமிஷம் உக்கிரமான அசைவு, அத்துடன் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி.
―――――――――――

மேற்கண்ட பெட்டியின் கடைசிக் கணக்கை நம் சுற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். உக்கிரமான ஒரு நிமிஷம் மிதமான இரண்டு நிமிஷத்துக்குச் சமம். இருபது நிமிஷச் சுற்று வாரம் மூன்று நாள் நடந்தால், மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்திருக்கும் பட்சத்தில், அது 120 மிதமான நிமிஷங்களுக்கு ஈடு. மிச்சத்தைக் கம்பெனிக்கு வேகமாக நடந்து போகிறவர்கள் வழியிலேயே தீர்த்துவிடுகிறார்கள். தசைப் பயிற்சியின் இரண்டு நாள் கணக்கோ கேட்காமலே தீர்ந்துபோகிறது.

இளம் பெண்களைப் பற்றிய கவலை வேறு. ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் படியேறினால் மூச்சிரைக்கிறது என்று சொல்லி, அதைப் பலவீனமென்று தாங்களே தீர்மானித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்! ரத்தசோகையை வைத்துக்கொண்டு உக்கிரமான சுற்றில் இறங்குவது எண்ணெய் இல்லாமல் மிசினை ஓட்டுவதற்கு ஒப்பானது. ஒரு ரத்தப் பரிசோதனையும், வேண்டுமானால் இரும்புச்சத்து மாத்திரையும் முதலில், பளு பிறகு. இந்த வரிசையை மாற்றக் கூடாதென்று இதைப் படிக்கும் ஹாஸ்டல் வார்டன்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கலந்தால் கெட்டுப்போகுமா?

பளுவையும் ஓட்டத்தையும் கலந்தால் ஒன்றை மற்றொன்று கெடுத்துவிடும் என்றொரு அபிப்பிராயம் அவிநாசி ரோட்டு ஜிம்களில் உலவுகிறது. அது வெறும் வதந்தி அன்று. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980இல் சிலரை வாரம் ஐந்து நாள் பளுவும் ஆறு நாள் ஓட்டமும் சைக்கிளுமாய்ப் பத்து வாரம் பழக்கியபோது, கால் பலம் முதலில் ஏறி, கடைசி வாரங்களில் இறங்கிற்று. பளு மட்டும் தூக்கியவர்களுக்கு அது ஏறிக்கொண்டே போயிற்று. போட்டி மேடைக்குத் தயாராகிறவர் இதைக் கவனிக்கத்தான் வேண்டும். வாரம் பதினொரு பயிற்சி வேளைகளில் நிகழ்ந்த சேதத்தை, மூன்று வேளைகளில் அரை மணி செய்கிறவர் அஞ்சத் தேவையில்லை. சர்க்யூட் முறையால் பயில்வானின் புஜம் வராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வருவது, மூன்றாம் மாடிக்குக் கேன் தூக்கிக்கொண்டு ஏறினாலும் படபடக்காத நெஞ்சு.

கார்டியோ என்றால் ஓட்டமும் குதிப்பும்தான் என்று கொள்ள வேண்டியதுமில்லை. குனிந்து நிமிர்ந்து, அடி வைத்துத் திரும்பி, கைதட்டி, பாட்டின் வேகம் ஏற ஏறத் தானும் ஏறுகிற வள்ளிக்கும்மி கொங்குநாட்டின் சொந்தச் சொத்து. ஆண்கள் ஆடிவந்த அக்கலையைப் பெண்களுக்கும் கற்பித்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு, அவருடைய 87ஆம் வயதில், 2024ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்த வயதில் அடவு மறவாத காலைக் கண்டபின் வேறு அத்தாட்சி வேண்டுமா? சுற்றின் இரண்டாம் நிலையத்தில் முழங்கால் உயர்த்தி நடப்பதற்குப் பதிலாக நாற்பது விநாடி கும்மியடித்துவிட்டுப் பாட்டிலைத் தூக்கலாம். முற்றத்தில் நாலு பேர் சேர்ந்து அடித்தால், தனியாகச் செய்யும்போது வருகிற கூச்சமும் போய்விடும்.

―――――――――――
பெட்டி: முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

ரத்த அழுத்தம் உள்ளவர்கள்: பளுவை உயர்த்தும்போது மூச்சை அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும், உயர்த்துகையில் மூச்சை வெளியே விடுக. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள்: வெறும் வயிற்றில் இறங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். நெஞ்சுவலி கண்டவர்கள், கர்ப்பிணிகள், மூட்டு வீங்கியவர்கள்: சொந்த யோசனையில் தொடங்கலாகாது. காய்ச்சலுள்ள நாளிலும், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காத காலையிலும் சுற்று வேண்டாம்.
―――――――――――

அவகாசம் யாருடையது?

இவ்வளவும் எழுதிய பிறகு, பேனா தயங்கி நிற்கிற இடம் ஒன்று உண்டு. பன்னிரண்டு மணி உழைத்துவிட்டு வந்த ஒருத்தியிடம், உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரம் துலக்கியபின் இன்னும் அரை மணி உன் சரீரத்துக்குக் கொடு என்று சொல்வதற்கு யாருக்கு மனம் வரும்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்தை வரம்பாக வைத்து, அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று விதித்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி வேலைக்கு இடம் கொடுக்கும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தில் தோற்ற பன்னிரண்டு மணி, பீஸ் ரேட்டின் வழியாக இங்கே அன்றாடம் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. பயிற்சிக்கு வேண்டிய அரை மணியைத் தூக்கத்திலிருந்து வெட்டியெடுப்பதை நான் ஒருபோதும் ஆமோதிக்கமாட்டேன். அது ஷிப்டிலிருந்து வர வேண்டும், அல்லது வீட்டு ஆண்மகன் துலக்குகிற பாத்திரங்களிலிருந்து வர வேண்டும்.

கம்பெனிகளுக்கு ஒரு யோசனை. உலகத்து ஓட்டக்காரர்களுக்கும் ஜிம் பழகுகிறவர்களுக்கும் உடை தைத்து அனுப்புகிற கூடங்களில், தினமும் பதினொரு மணி டீக்கு முன்பு, மிசின்களை நிறுத்திவிட்டு, இடுப்புப்பட்டிக்கு வைத்திருக்கும் எலாஸ்டிக்கில் இரண்டு முழம் வெட்டி நான்காய் மடித்து ஆளுக்கொன்று கொடுத்து, இரண்டு நிமிஷம் தோளுக்கு இழுப்புப் பயிற்சி செய்யச் சொன்னால், உற்பத்தி கவிழ்ந்துவிடாது. கோபன்ஹேகன்காரர்கள் பரீட்சித்த இரண்டு நிமிஷமும் அதுதான்.

வேலம்பாளையத்து அம்மாளுக்கு அன்று மூன்றாம் சுற்று முடிகையில் மணி ஒன்பதேகால். வாரத்தில் செவ்வாய், வியாழன் இரவுகளும், ஞாயிறு விடியலும் அவருடைய நாட்கள்; சனிக்கிழமை சம்பள நாள், கடைக்குப் போக வேண்டுமாகையால் அன்று விட்டுவிடுகிறார். ஆறு வாரத்துக்கு முன்பு பாட்டில்களில் தண்ணீர் இருந்ததாம். மூதாட்டி எழுந்து வந்து, ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்து, "கனமாத்தான் இருக்குது" என்றார். பிறகு இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, மெள்ள, தோள்வரை உயர்த்தினார். சிறுமி, "ஒண்ணு" என்றாள்.